ஞாயிற்றுக்கிழமைத் தீப்பயிற்சிக்கு வந்து உட்கார்ந்த அம்மாவுக்கு

என் தங்க அம்மாவுக்கு,

கும்பிட்டுக்கொண்டு தனம் எழுதுகிறேன். காலையிலிருந்து மழை. நெல்லியாளத்தில் தேயிலை எல்லாம் கழுவிவிட்டது போல நிற்கிறது. நேற்று நம் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை வீட்டுக்கு வந்திருந்தார். தீயணைப்பும் முதலுதவியும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியைத் திரும்பத் தொடங்குகிறார்களாம். முதல் நாளில் நான் பேச வேண்டுமாம்.

பேசினால் உன்னைப் பற்றித்தான் பேச முடியும். அதற்கு முன்னால் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

சிலோனில் கலவரத்தின்போது நாம் குடியிருந்த தோட்டத்து லயத்து வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். நீ என்னை இழுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாய். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த தம்பியை எடுக்க முடியவில்லை. கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, இந்த மலைக்கு வந்து சேர்ந்த பிறகும் அவனைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை. சோறு வடித்த கையோடு அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிடுவாய். பக்கத்து வீடுகளிலெல்லாம் கணப்பு போட்டுக் குளிர்காயும்போது நாம் மட்டும் கம்பளிக்குள் சுருண்டு கிடப்போம்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் அந்தப் பயிற்சி வந்தது. ஞாயிறு காலையில் தீயணைப்பு நிலையத்து ஆட்கள் வந்து சொல்லிக்கொடுப்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் முதல் ஆளாக நான் பெயர் கொடுத்தேன். செய்தி கேட்டதும் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு நீ நேரே மைதானத்துக்கு வந்துவிட்டாய்.

"நெருப்புக்குப் பயந்து ஓடியாந்த சனம் ஐயா நாங்க. என் புள்ளைய மறுபடி நெருப்புக்குள்ள போகச் சொல்றீங்களா?"

அந்த அதிகாரி கோயம்புத்தூர்க்காரர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "போகச் சொல்லலீங்கம்மா. மாட்டிக்கிட்டா எப்படி வெளிய வர்றதுன்னு சொல்லிக் குடுக்கறோமுங்க. நீங்களும் வந்து பாருங்க. புடிக்கலீன்னா கையோட கூட்டிட்டுப் போயிருங்க" என்றார்.

நீ கூட்டிக்கொண்டு போகவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் வந்து சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்தாய். நாங்கள் வரிசையாக நின்று வாளி மாற்றுவதையும், ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு தரையோடு தரையாக ஊர்வதையும், ஒரு துணிப்பொம்மையை வைத்து மூச்சு ஊதப் பழகுவதையும் பார்த்துக்கொண்டே இருப்பாய். என் தோழிகள் சிரிப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். காவலுக்கு வருகிறாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

பக்கத்தில் குடியிருந்த பாக்கியம் அக்கா வீட்டில் தீப்பிடித்தது ஒரு மாலை நேரம். அடுப்புக்கு மேலே காயப்போட்டிருந்த விறகில் பற்றிக்கொண்டது. அவர் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். கைக்குழந்தை உள்ளறைத் தூளியில். நான் ரேஷன் கடையிலிருந்து திரும்பும்போது வளைவிலேயே புகை தெரிந்தது. அரிசிப் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

குழாயடியிலிருந்து வீடு வரைக்கும் பெண்கள் வரிசையாக நின்று வாளி மாற்றிக்கொண்டிருந்தார்கள். "யாரு நிக்க வச்சது?" என்று கேட்டேன்.

"ஒங்கம்மாதான்" என்றார் ஒருவர். "சாக்கை நனைச்சுப் போர்த்திக்கிட்டு உள்ள போயிருக்கு. ஆம்பளைங்க ரெண்டு பேரு போய்ட்டுப் புகை தாங்காம திரும்பி வந்துட்டாங்க. இது படுத்துக்கிட்டே போச்சு புள்ள."

நானும் வரிசையில் புகுந்து ஒரு வாளியைப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் வாசல்படிக்கு மேலே உன் தலை தெரிந்தது. முழங்கையால் ஊர்ந்து வந்தாய். மார்புக்கடியில் குழந்தை.

"மூச்சு இல்ல தனம். நீ ஊது" என்றாய்.

அதன் வாயைத் துடைத்து, மூக்கையும் வாயையும் சேர்த்து என் வாயால் மூடி, பொம்மைக்குச் செய்தது போலவே மெல்ல மெல்ல ஊதினேன். எவ்வளவு நேரமோ தெரியாது. இருமியது. பிறகு அழுதது. பாக்கியம் அக்கா என் மேலேயே விழுந்துவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு நீ ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"படுத்து ஊர்ந்து போகணும்னு அன்னைக்கு எனக்குத் தெரியலயே" என்றாய். "தெரிஞ்சிருந்தா என் மகனை எடுத்துருப்பேனே."

பதினான்கு வயதில் என்ன சொல்ல முடியும்? உன் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு நர்ஸ் படித்து, இத்தனை வருடம் அவசரப் பிரிவில் வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். தீயில் போன பிள்ளைகளின் தாய்மார் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன், கேள் அம்மா. அன்றைக்கு லயத்தில் வெறும் தீ மட்டும் இல்லை. வாசலில் ஆட்கள் கத்தியோடு நின்றார்கள். நீ தவழ்ந்து போயிருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. இது உனக்கும் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்துமா உன்மேலேயே பழி போட்டுக்கொண்டு அப்படிச் சொன்னாய்?

பாக்கியம் அக்காவின் மகளுக்கு இப்போது திருப்பூரில் சொந்தமாகத் தையல் கடை இருக்கிறது. பொங்கலுக்கு வந்தால் உன் படத்துக்கு முன்னால் பூ வைத்துவிட்டுத்தான் போகிறாள்.

நீ வேண்டாம் என்று சொல்ல மாட்டாய் என்ற தைரியத்தில் மேடையேறப் போகிறேன். அந்தப் பிள்ளைகளிடம் உன் கதையைச் சொல்வேன். நம் வீட்டில் யாரும் உரக்கச் சொல்லாத அவன் பெயரையும் சொல்வேன், முழுசாக, குரல் உடையாமல். இது சத்தியம் அம்மா.

உன் மகள்,
முத்துராசாவின் அக்கா,
தனம்