பேச்சுவார்த்தை மேசையில் நம் வீட்டு மக்

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், குழாய்க்குத்தான் உடம்பு சரியில்லை, நாலு நாளைக்கு ஒருமுறை இருமிவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறது. அடுத்த மாதம் லீவில் வரலாமா, குளிக்கவாவது தண்ணீர் இருக்குமா என்று கேட்டிருந்தாய். போன மாதம் கேட்டிருந்தால் வராதே என்றுதான் எழுதியிருப்பேன். நாலு வருஷமாக உன் முகத்தைப் பார்க்காதவள் அப்படி எழுதுவதென்றால் நிலைமையைப் புரிந்துகொள். இப்போது பதில் வேறு. அதற்குக் காரணம் நம் குளியலறை நீல மக். சிரிக்காமல் முழுசாகப் படி.

நான் வேலை பார்க்கும் மாநாட்டு மண்டபத்தில் நாற்பது நாட்டுத் தலைவர்கள் வந்து உட்கார்ந்திருப்பதை டிவியில் பார்த்திருப்பாய். ஆறெல்லாம் வற்றிக்கொண்டே போகிறது, கடல் ஏறிக்கொண்டே வருகிறது, மிச்சமிருக்கிற நல்ல தண்ணீரில் யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்யத்தான் கூட்டம். அவர்கள் முன்னால் தம்ளரில் தண்ணீர் ஊற்றி வைப்பது என் வேலை. முதல் நாளே தொப்பிக்காரத் தலைவர், தன் தம்ளரில் பக்கத்து நாட்டைவிட ஒரு நூல் குறைகிறது என்று எழுந்து வெளியே போய்விட்டார். நான் விரல் கணு வைத்து ஊற்றிப் பழகியவள், மறுநாள் என் கையில் ஸ்கேலைக் கொடுத்துவிட்டார்கள். பெரிய நாட்டுக்காரர் ஜனத்தொகைப்படி ஊற்ற வேண்டும் என்றார். தீவுக்காரர் மட்டும், எனக்கு வேண்டாம்மா, எங்க ஊர்ல ஏற்கெனவே கழுத்து வரைக்கும் நிக்குது என்றார், பாவம். மூன்று நாள் தம்ளர் பேச்சிலேயே போய், எல்லோருக்கும் அரை லிட்டர் என்று முடிந்தது. ஆனால் ஒருவரும் வாய் வைக்கவில்லை. முதலில் குடிக்கிறவர் தன் நாட்டில் தட்டுப்பாடு என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமாம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, கரகரத்த குரலில் தண்ணீரைப் பற்றியே நாள் முழுக்கப் பேசுகிறார்கள்.

காலையில் நாற்பது தம்ளர், மதியத்துக்குப் பிறகு மறுபடி நாற்பது, எல்லாம் வைத்தது வைத்தபடி. சாயந்திரம் அதைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட வேண்டும் என்று சட்டம், யாருக்காவது கொடுத்தால் அந்த ஆளின் நாட்டுக்குச் சலுகை காட்டியதாகக் கணக்காம். எனக்கு வயிறு எரிந்தது சின்னு. நம் தெருவில் தையல்காரர் மனைவி கைக்குழந்தையின் துணியை நனைத்த துணியால் துடைத்துப் போடுகிறாள். நான் கொட்டவில்லை. இரண்டு வாளியில் நிரப்பி, பின்வாசல் வழியாகச் சைக்கிளில் மாட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பதினொரு நாள் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. பன்னிரண்டாம் நாள் குழாய் ரிப்பேர்க்காரர் எட்டிப் பார்த்தால், கழுவுதொட்டிக்குள் சிலந்தி நிம்மதியாக வலை கட்டியிருக்கிறது.

அவ்வளவுதான், மண்டபமே அல்லோலகல்லோலப்பட்டது. ஒவ்வொருவரும் அடுத்தவர்தான் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டார் என்று கத்தினார்கள். அதுவரை ஒரு வரியில்கூட ஒத்துப்போகாதவர்கள், திருடனைப் பிடிக்க வேண்டும் என்று நாற்பது பேரும் ஒன்றாகக் கை தூக்கினார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு மெல்லப் பின்வாசல் பக்கம் நகர்ந்தேன். ஆனால் தீவுக்காரரைப் பார்த்து ஒருவர் விரல் நீட்டவும் என்னால் பொறுக்க முடியவில்லை. நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். யாருக்குக் கொடுத்தாய் என்றார்கள். எங்கள் தெருவில் ஒன்பது வீடு, மக்கால் அளந்து கொடுப்போம், கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு இரண்டு மக் கூட, முடிவெட்டுகிறவருக்குத் தொழிலுக்காக ஒரு மக் கூட என்றேன். ஒப்பந்தம் போட எத்தனை மாதம் ஆனது என்று பெரிய நாட்டுக்காரர் கேட்டார். கால் மணி நேரம், அதிலும் பாதி நேரம் முடிவெட்டுகிறவர் வரவில்லையே என்று காத்திருந்தது என்றேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். இனி புத்தி வந்துவிடும் என்று நினைத்தேன். அந்த மக்கைக் கொண்டு வா என்றார்கள்.

இப்போது நம் மக் மேசை நடுவில் வெல்வெட் துணி மேல் இருக்கிறது, இரண்டு பக்கமும் காவலர். நீ சின்னவளாக இருந்தபோது கீழே போட்டு விளிம்பில் விரிசல் உண்டாக்கினாயே, அதில் ஒழுகுகிற தண்ணீர் எந்த நாட்டுப் பங்கில் சேரும் என்று தனிக் குழு போட்டிருக்கிறார்கள். அந்தக் குழு அறிக்கை தரும்வரை நடைமுறை எதையும் மாற்றக் கூடாதாம். அதனால் நான் தினமும் இரண்டு வாளி வீட்டுக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும், முன்னும் பின்னும் அரசாங்கக் கார் வருகிறது. நான்தான் முக்கிய சாட்சி, பேச்சு முடியும்வரை என்னை வேலையை விட்டு நீக்கவும் முடியாதாம். அப்போ ஆயுசுக்கும் வேலை உறுதி என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். மக் இல்லாமல் அவர் பால் காய்ச்சும் சட்டியில் மொண்டு குளிக்கிறார், அது வேறு கதை.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். டிவியில் பேச்சு முறிந்தது என்று சொன்னால் தெருவே பெருமூச்சு விடுகிறது, உடன்பாடு நெருங்குகிறது என்றால் முகம் தொங்கிவிடுகிறது. நேற்று நானும் அப்படித்தான் இருந்தேன். தீவுக்காரரின் ஊர் முழுகிக்கொண்டிருக்கிறது, அவர் தினமும் எனக்கு வணக்கம் சொல்கிறார், நானோ என் மகள் வந்து போகும்வரை இவர்கள் ஒத்துப்போகாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்கிறேன். வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் வேண்டிக்கொள்கிறேன்.

நீ வருவதைத் தெருவில் சொன்னேன். மாப்பிள்ளை இரண்டு வேளை குளிப்பவர் என்றதும் சலசலப்பு வந்தது, மறைக்கவில்லை. தையல்காரர் மனைவி, எங்க குழந்தைக்கு எட்டு மாசம் ஆச்சுக்கா, அந்த ரெண்டு மக்க சின்னுவுக்கு எழுதிக்குங்க என்றாள். முடிவெட்டுகிறவரும் தன் ஒரு மக்கை விட்டுக்கொடுத்தார், பதிலுக்கு மாப்பிள்ளை அவரிடம்தான் முடிவெட்டிக்கொள்ள வேண்டுமாம். ஆக மூன்று மக். உனக்கு ஒன்றரை, அவருக்கு ஒன்றரை, மீதியை என் பங்கிலிருந்து பார்த்துக்கொள்கிறேன். அவருக்கு ஒரு வேளைக் குளியல்தான் என்று பக்குவமாகச் சொல்லிவிடு. டிக்கெட்டைத் தள்ளிப்போடாதே, பெரிய மனிதர்களை நம்ப முடியாது, திடீரென்று ஒத்துப்போனாலும் போய்விடுவார்கள்.

இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். மறக்காமல் வரும்போது ஒரு மக் வாங்கி வா, விரிசல் இல்லாததாகப் பார்த்து.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா