மிஸ்ஸியிடம் மட்டும் சொன்னது

1943, ஆகஸ்ட் 12, வியாழன்

இன்றும் என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பல மாதமாகியும் என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. காலையில் நன்றாக நடக்கிறவர், பொழுது சாய்ந்தால் இமையைக்கூடத் தூக்க முடியாமல் கிடக்கிறார். ஜப்பான்காரன் ஆள் பிடித்துப்போகும் சயாம் ரயில் வேலைக்குப் பயந்து நடிக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

கம்போங் செட்டி கிராமத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு வரும் மிஸ்ஸி, சின்னப் பெண், பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மலாயில் விசாரித்தாள். நான் கஞ்சித் தூக்கோடு தூணருகில் நின்றேன். அவர் சொன்னதெல்லாம் எனக்குப் புதிது. மூச்சு நின்றுவிடுமோ என்று இரவெல்லாம் விழித்திருக்கிறாராம். மரவள்ளிக்கிழங்கை விழுங்க முடியாமல், நான் பார்க்காதபோது துப்பிவிடுகிறாராம். "லாகி?", வேறென்ன, என்று அவள் கேட்கக் கேட்க இன்னும் சொன்னார். அழுதார். கல்யாணமான நாளிலிருந்து என் முன்னால் அவர் அழுததில்லை.

அவள் போய் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் வந்து, இவரைத் தண்ணீர் விழுங்கச் சொல்லிப் பார்த்தார். அபூர்வமான நோய், ஊசி இருக்கிறது, இந்தக் காலத்தில் கிடைக்குமா என்று விசாரிக்கிறேன் என்றார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சாப்பிட மாட்ட. அந்தப் புள்ள வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கும்."

நியாயம்தான். ஆனாலும் அவள்மேல் எரிச்சல் தீரவில்லை. அவளுக்கு முருங்கைக்கீரை பறித்துக் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கிறேன். ஆனால் நாளைக்கு அந்த பெஞ்சில் நான்தான் உட்காருவேன்.

அவர் புரண்டு படுக்கிறார். தூங்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு நானே கேட்கிறேன், "லாகி?" என்று.