மன்னிப்புக் கடிதத்தில் ஒரு கையெழுத்து

கால்வே, அயர்லாந்து
3.2.2025

அன்புள்ள பூஜா அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் பூஜாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அதனால்தான் கடிதம். கோபிக்காமல் கடைசிவரை படியுங்கள்.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் டோனல் என்று ஒரு பெரியவர். ஐரிஷ் மொழியில் பதினொரு புத்தகம் எழுதியவர். அந்த மொழிக்காகப் போராடி, வாத்தியார் வேலை போய், மூன்று முறை ஜெயிலுக்கும் போனவர். இப்போது ஆங்கிலம் மறந்துவிட்டது. இங்கே எல்லோரும் ஆங்கிலம்தான்; அவர் பேசுவது இல்லத்தில் யாருக்கும் புரிவதில்லை. நான்தான் நோட்டில் எழுதி எழுதிக் கற்றுக்கொண்டு, தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா என்று கேட்கிறேன். ஒரே மகன். எட்டிப் பார்ப்பதில்லை.

அவரைப் பார்த்தால் உங்கள் ஞாபகம் வந்து பயமாக இருக்கிறது. சங்கம் வைக்கிறேன், நோட்டீஸ் எழுதுகிறேன் என்று நீங்கள் சஸ்பெண்ட் ஆகி நாலு மாதம். கம்பெனி கேட்கும் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து போட்டுவிட்டு வேலைக்குப் போங்கள். எனக்கு அலுத்துவிட்டது.

லீலா

சேரப்பணஞ்சேரி
20.2.2025

அன்புள்ள லீலா,

இங்கே இருவரும் சுகம். நான் வைக்கும் ரசத்தைப் பூஜா வெந்நீர் என்கிறாள்.

உன் பெரியவர் கதை உனக்குப் பயம், எனக்குத் தெம்பு. கம்பெனி கேட்டுக்கு எதிரே போட்டிருக்கும் போராட்டப் பந்தலில் எல்லோருக்கும் சொன்னேன். "இன்னாப்பா, அங்கியும் நம்மள மாதிரி ஒருத்தரு கீறாரா!" என்று எல்லப்பன் சிரித்தான்.

அந்த மன்னிப்புக் கடிதம் அவர்களே ஆங்கிலத்தில் டைப் அடித்தது. வெளியாட்கள் தூண்டிவிட்டதால் தவறு செய்தேன் என்று இருக்கிறது. நோட்டீஸ் ஒவ்வொன்றும் நானே எழுதியது. நான் எழுதாத வரிக்குக் கீழே என் பெயரா? முடியாது லீலா. கோபப்படாதே.

எழிலரசன்

சேரப்பணஞ்சேரி
12.3.2025

லீலா,

நேற்று பூஜா பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'ஸ்ட்ரைக்' என்று எழுதியிருக்கிறாள். சிரித்தேன். அப்புறம் எழுந்திருக்கவே முடியவில்லை.

இன்று காலை போய்க் கையெழுத்து போட்டுவிட்டேன். நாளை முதல் ஷிப்ட். பந்தலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். இன்றே எல்லப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். இனி இதைப் பற்றி எழுதாதே.

எழிலரசன்

கால்வே
14.3.2025

அன்புள்ள பூஜா அப்பாவுக்கு,

உங்கள் பிப்ரவரி கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. டோனல் ஐயா திங்கட்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டார். மறுநாள் மகன் வந்தார். அப்பாவின் மொழியில் அவருக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. சொல்லிக்கொடுக்க அப்பா வீட்டில் இருந்ததே இல்லையாம். பதினொரு புத்தகத்திலும் முதல் பக்கத்தில் ஒரே வரி இருந்தது. இது என்னவென்று என்னிடம் கேட்டார். நோட்டைப் பார்த்துச் சொன்னேன்: 'என் மகனுக்கு.' ஐம்பது வயது மனிதர் தேம்பித் தேம்பி அழுதார்.

அவர் எழுதியது தப்பில்லை. மகனைப் பக்கத்தில் உட்கார வைக்காததுதான் தப்பு. உங்கள் நோட்டீஸைப் பூஜாவுக்குப் படித்துக் காட்டுங்கள். கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். நான் ஏதோ அலுப்பில் எழுதிவிட்டேன்.

ஏப்ரலில் லீவு கிடைக்கும். நானும் வந்து பந்தலில் உட்காருகிறேன். எனக்கும் ஓர் இடம் போட்டு வைக்கும்படி எல்லப்பன் அண்ணனிடம் சொல்லுங்கள்.

உங்கள் லீலா