ஒன்பதாம் எண் சேலை

வெண்ணந்தூர்,
4-6-1944

அன்புள்ள ஜானகிக்கு,

செல்லி எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை; மனசுதான் சலித்துக் கிடக்கிறது.

காட்சிசாலைக் கட்டடத்தைப் பட்டாளத்தார் எடுத்துக்கொண்டார்கள், பழைய உடைகளை ஆளுக்கொரு பெட்டியாக வீட்டில் வைத்துக் காப்பாற்றுங்கள் என்று கேட்டாய். பயிற்சிப் பள்ளியில் ஒரே பாயில் படுத்தவளாயிற்றே என்று சம்மதித்தேன். ராசிபுரம் வரை பஸ்ஸிலும், அப்புறம் மாட்டு வண்டியிலும் பெட்டி வந்து சேர்ந்தது. எங்களுக்கு இருப்பது இரண்டு அறை. ஒன்றில் ஜமீன்தாருடைய சரிகை அங்கி படுத்திருக்கிறது. என் வீட்டுக்காரர் வாசலில் படுத்திருக்கிறார்.

ஒவ்வோர் உடையையும் துவைத்த வெள்ளைத் துணியில் சுற்றி வை என்று எழுதியிருக்கிறாய். பதினோர் உடைக்கு இருபது கஜமாவது வேண்டும். கண்ட்ரோல் கடைக்கு ஆறு மாதமாகத் துணியே வரவில்லை. நூல் கிடைக்காமல் எங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்றுவிட்டது. நெய்கிறவர்களே கந்தலோடு நடக்கிறார்கள். நீ எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதினாய்?

அந்துருண்டையும் அனுப்பவில்லை.

உன்,
செல்லியம்மாள்

சேலம்,
12-6-1944

அன்புள்ள செல்லி,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் கோபம் வந்தது.

அந்துருண்டை சேலத்திலும் இல்லை. வசம்புப் பொடியும் நிழலில் உலர்ந்த வேப்பிலையும் போடு. வெயிலில் காட்டாதே, தண்ணீர் படவிடாதே, பார்க்க வருகிறவர்களைத் தொடவிடாதே. அயோத்தியாப்பட்டணத்தில் வேலுமணி வீட்டுப் பெட்டியில் கரையான் ஏறி, வெல்வெட்டு ரவிக்கை மண்ணாகிவிட்டது. நீ ஒருத்திதான் ஒழுங்காகச் செய்வாய் என்று காட்சிசாலைச் சங்கத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். சம்பளமில்லாத தொண்டுதான், எனக்கு மட்டும் யார் கொடுக்கிறார்கள்?

ஒன்பதாம் எண் சேலையை மாதம் ஒருமுறை மடிப்பு மாற்றி மடி. வெறும் பருத்திதானே என்று அலட்சியம் வேண்டாம். சரிகை உடைகளை எல்லா வீட்டிலும் எடுத்து வைப்பார்கள். ஏழை வீட்டுச் சேலையை உடுத்தியே தீர்த்துவிடுவார்கள். எண்பது வருஷத்துக்கு முன் நெற்களத்தில் கூலிவேலை செய்த ஒரு களத்துக்காரி கட்டிய பதினாறு முழம், தப்பிப் பிழைத்தது இது ஒன்றுதான்.

மாத அறிக்கை இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஜானகி

வெண்ணந்தூர்,
21-9-1944

ஜானகி,

இந்த மாத அறிக்கையில் பத்து உடைகள்தான். ஒன்பதாம் எண் சேலை இல்லை. பூச்சி அரிக்கவில்லை, திருடு போகவில்லை. நான் கிழித்தேன்.

செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்தேன். எதிர்வீட்டு நெசவுக்காரர் ஆண்டியின் மனைவி குப்பாயிக்குக் காலையிலிருந்தே வலி. பிள்ளை பிறந்துவிட்டது, உதிரப்போக்கு நிற்கவில்லை. மருத்துவச்சி மாரியாயி என் வாசலுக்கு வந்தாள்.

“வாத்தியாரம்மா, பழந்துணி எதாச்சும் இருந்தாக் குடுங்க. அந்த ஊட்டுல அவ கட்டியிருக்கறதத் தவிர ஒண்ணுமில்லீங்க.”

என்னிடம் இருப்பது இரண்டு சேலை. கட்டியிருந்தது போக மற்றதைக் கொடுத்தேன். அரை நாழிகையில் அது நனைந்துவிட்டது. என் வீட்டுக்காரருடைய மாற்று வேட்டியும் போயிற்று. தெருவெல்லாம் கேட்டுப் பார்த்தோம். எல்லோரும் ஒற்றைத் துணிக்காரர்கள். மாரியாயி மறுபடி வந்து நின்றபோது பெட்டியைத் திறந்தேன். சரிகையும் பட்டும் ரத்தத்தை உறிஞ்சாது. அந்தச் சேலை பஞ்சு மாதிரி இருந்தது.

கையில் எடுத்துவிட்டேனே தவிர, கிழிக்க மனம் வரவில்லை. நீ எழுதியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

“பாத்துக்கிட்டு நிக்காதீங்கம்மா, கிழிங்க” என்றாள் மாரியாயி.

கிழித்தேன். பொழுது சாய்வதற்குள் உதிரம் நின்றது. நனையாத ஒரு துண்டில் பிள்ளையைச் சுற்றினோம். பெண் பிள்ளை. குப்பாயி இன்னும் எழுந்து உட்காரவில்லை, ஆனால் கஞ்சி குடிக்கிறாள்.

முந்தானையில் ஒரு முழம் மிச்சம். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எனக்கு வருத்தமாக இருக்கிறது; தப்புச் செய்ததாகவும் தோன்றவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எரிச்சலாக இருக்கிறது. சங்கத்தில் என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்.

செல்லியம்மாள்

சேலம்,
2-10-1944

செல்லி,

நான்கு பதில் எழுதினேன். நான்கும் வசவு. அனுப்பவில்லை.

கூட்டத்தில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஒருவர், அதுதான் ஒரு முழம் இருக்கிறதே, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிடலாம் என்றார். அவர்மேலும் கோபம் வந்தது. ஒரு முழத்தைப் பார்த்து, அந்தக் களத்துக்காரி எப்படி உடுத்தினாள் என்று யாருக்குத் தெரியும்? இன்னொருவர், பெட்டியை உன்னிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்றார். அப்படியே என் காரியதரிசிப் பொறுப்பையும் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். உடனே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

முன்கூட்டி நீ கேட்டிருந்தால், கூடாது என்றுதான் எழுதியிருப்பேன். அந்தத் தபால் வந்து சேர மூன்று நாள் ஆகியிருக்கும். இதை நினைத்தால் கோபத்தை யார்மேல் வைப்பதென்று தெரியவில்லை. உன்மேல் ஒன்று நிச்சயம் உண்டு. உன்னிடம் இரண்டே சேலைதான் என்று ஏன் எனக்கு எழுதவில்லை? அறிக்கை அறிக்கை என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்; நீயும் அதற்கு மட்டும் பதில் எழுதிக்கொண்டிருந்தாய்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பெட்டியை எடுக்க அல்ல. என் சேலையில் மூன்று கொண்டுவருகிறேன், ஒன்று உனக்கு, இரண்டு குப்பாயிக்கு. சும்மா இல்லை. இவற்றை வாங்கிக்கொண்டு, தான் கட்டியிருப்பதை அவள் நமக்குத் தர வேண்டும். ஒட்டும் தையலும் கந்தலுமாக, எப்படி இருக்கிறதோ அப்படியே. ஒன்பதாம் எண்ணுக்கு நேராக அவள் பெயரையும் வருஷத்தையும் எழுதி வைக்கப்போகிறேன்.

என்னைத் தெரியாதவள். கந்தலுக்காகச் சேலத்திலிருந்து ஒருத்தி பஸ் ஏறி வருகிறாள் என்றால் சிரிப்பாள். நான் வருவதற்குள் நீ போய்ச் சொல்லி வை. நீ சொன்னால் நம்புவாள்.

உன்,
ஜானகி