கவனத்துக்கான மாத்திரை

நல்லூர், திருப்பூர்
18.11.2008

ரைசாவின் அம்மாவுக்கு,

ஸலாம். ரைசா பள்ளிக்கூடம் போகிறாளா? அங்கேயும் மழையா?

கோயம்புத்தூர் டாக்டரைப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் வரும் என்று எல்லோரும் நினைக்கிற கவனக் குறைபாடு எனக்குச் சிறுவயதிலிருந்தே இருக்கிறதாம். திமிரோ அலட்சியமோ இல்லையாம். வாராவாரம் வந்து மனநல ஆலோசகர் ஒருவரிடம் பேசிப் பயிற்சி எடுக்கலாம், மாத்திரை சாப்பிடலாம், இரண்டும் சேர்ந்தால் நல்லது என்றார். வாரம் ஒரு நாள் யார் லீவு தருவார்கள்? மாத்திரை மட்டும் வாங்கி வந்தேன்.

மாத்திரை நன்றாகவே கேட்கிறது. பனியன் துணியை ரோலிலிருந்து பிரித்தால் ஒரு ராத்திரி ஆறப்போட வேண்டும். அது சுருங்கி அடங்கிய பிறகுதான் வெட்ட வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமல் உடனே வெட்டி எத்தனை கம்பெனியில் வேலையை விட்டேன் என்று உனக்குத் தெரியும். இப்போது காத்திருந்து வெட்டுகிறேன். "ஏனுங்க மாஸ்டர், நெசமாலுமே நீங்கதானுங்களா?" என்று முதலாளி சிரிக்கிறார்.

"நான் பேசுறப்ப எங்க போயிடுறீங்க?" என்று கேட்பாய். அந்தக் கேள்வி முடிவதற்குள்ளும் எழுந்து போயிருக்கிறேன்.

நேற்று உன் அண்ணன் வந்தார். "இனி அவ வரமாட்டா மாப்ளே. பிரிச்சு விடச் சொல்லி ஜமாத்துல சொல்லியாச்சு" என்று ஆரம்பித்து வெகுநேரம் பேசினார். முன்பென்றால் என் மனம் பாதியிலேயே கட்டிங் டேபிளுக்கோ டீக்கடைக்கோ ஓடியிருக்கும்.

நேற்று எங்கேயும் ஓடவில்லை. ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

ரைசாவின் அத்தா