ஜுமாலி கேட்ட பங்கு

அன்பு மகன் எர்மெக்குக்கு அம்மா எழுதுவது. உடம்பும் ஆடுமாடும் சுகமா என்று நம் ஊர் வழக்கப்படி தொடங்கினால், இந்த நகரத்து அடுக்குமாடியில் எனக்கு ஏது மாடு என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள், நீயும் பெர்மெத்தும் குழந்தையும் நோயில்லாமல் இருந்தால் எனக்கு அது போதும். இங்கே ஆற்றோரம் உறைந்துவிட்டது, சிவப்புப் பசு சினையாக இருக்கிறது, உலர்புல் வசந்தம் வரை தாங்கும். போன வாரம் போனில், அப்பாவின் துப்பாக்கிக்குப் பொருத்தும் தொலைநோக்கி வாங்கி அனுப்புகிறேன் என்றாய். வாங்காதே. அவர் பக்கத்திலேயே இருந்ததால் அப்போது சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பாவின் கண் நீ நினைப்பதைவிட மோசம். துப்பாக்கியின் பின்னால் இருக்கும் வெட்டும், குழாய் நுனியில் இருக்கும் குமிழும், மலையில் நிற்கும் காட்டாடும் ஒரே கோட்டில் வர வேண்டும் என்று உனக்குச் சொல்லித் தந்தவர் அவர். மூன்று வருடமாக அவருக்கு அந்தக் குமிழ் கம்பளிப் பிசிறு மாதிரிதான் தெரிகிறது. கண்ணாடி போட்டால் குமிழ் தெளிகிறது, மலை காணாமல் போகிறது. பெர்மெத் விட்டுப்போன வெள்ளை நகப்பூச்சைக் குமிழில் தடவிப் பார்த்தார், மருமககிட்ட சொல்லிடாதே என்றார். பிறகு கண்ணாடியில் கறுப்பு நாடா ஒட்டி, ஊசியால் ஒரு துளை போட்டு, அதன் வழியாகப் பார்த்தார். நல்ல வெயிலில் அது உதவியது. குமிழும் தெரியுது மலையும் தெரியுது, கிழவி, எனக்கு இருபது வயசு குறைஞ்சிடுச்சு என்று முற்றத்தில் நின்று கத்தினார். மேகம் வந்தால் அந்தத் துளைக்குள் இருட்டுதான். நாரின் நகரத்தில் கண் டாக்டரம்மா பார்த்துவிட்டு, புரையாக இருந்தால் எடுத்துவிடலாம், இது கண்ணின் பின்பக்கம் தேய்ந்துபோனது, இனித் திரும்பாது என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், மறுநாளே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மலை ஏறினார்.

இந்த மாதத் தொடக்கத்தில், மேகம் மூடிய ஒரு பிற்பகலில், மேல்சரிவில் பழுப்பாக ஏதோ குனிந்து நிற்பதைப் பார்த்துச் சுட்டுவிட்டார். அது நம் பக்கத்து வீட்டு ஜுமாலி. ஆட்டுத்தோல் கோட்டோடு குனிந்து ஆர்ச்சா மரத்தில் விறகு வெட்டிக்கொண்டிருந்தான். குண்டு கோட்டின் கையைத் துளைத்துக்கொண்டு போனது, உடம்பில் படவில்லை. அவன் குறுக்குவழியாக இறங்கிப் பாலத்தில் வந்து நின்றான். வேட்டையிலிருந்து இறங்குகிறவரிடம் எதிர்ப்படுகிறவர் ஷிரால்கா என்று கேட்டால் பங்கு கொடுக்காமல் போகக் கூடாது, உன் அப்பா ஒருநாளும் மறுத்தவரில்லை. ஜுமாலி வழியை மறித்து, ஷிரால்கா, பைக்கே என்று அண்ணன் முறை விடாமல் கேட்டிருக்கிறான். வெறும் கையா வரேன்டா, ஒண்ணைச் சுட்டேன், தப்பிடுச்சு என்றாராம் அப்பா. தப்பினது நான்தான் பைக்கே என்று கோட்டு ஓட்டையில் விரலை விட்டு ஆட்டிக் காட்டினானாம். உங்க கண்ணு நல்லா இருந்திருந்தா இந்நேரம் என் பொண்டாட்டி ஒப்பாரி வச்சிருப்பா, இன்னிக்கு உங்க வேட்டை நான், அதனால என் பங்கை நானே கேக்குறேன், அந்தத் தண்டைக் கழட்டிக் கொடுங்க என்றானாம். தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டைத்தான் கேட்டான், அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய். அப்பா அங்கேயே நின்று கழற்றினார், சட்டையில் துடைத்தார், இறைச்சிப் பங்கைக் கொடுப்பது போல இரண்டு கையாலும் கொடுத்தார். இவ்வளவையும் ஜுமாலி நம் அடுப்பருகே உட்கார்ந்து என்னிடம் சொன்னான். பாலத்தில் அப்படிக் கேலி பேசியவன் இங்கே கோட்டைக் கழற்றி, அந்த ஓட்டையை அடுப்பு வெளிச்சத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தான். ஊரில் யாரிடமும் அவன் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

அதன்பிறகு அப்பா மலைக்குப் போகவில்லை. காலையில் முற்றத்தில் நின்று, மேலே ஏதாச்சும் நிக்குதா பாரு என்று மட்டும் கேட்பார். பனி கூடியதால் காட்டாடுகள் தாழ்வாக இறங்கி நிற்கின்றன, கொம்பின் வளைவு வரை எனக்குத் தெரிகிறது. ஒண்ணும் இல்லை என்று சொல்கிறேன், இருக்கிறது என்று சொன்னால் சுட முடியாத ஏக்கத்தோடு உள்ளே திரும்புவார், அதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஒருநாள் மேலே கல் உருண்டது. காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, ஆடு நடந்தாத்தான் இப்படி உருளும், நிஜமாவே உனக்குத் தெரியலையா என்றார். தெரியல என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அதுவும் அவருக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். அடப்பாவமே, கிழவி, உனக்கும் போயிடுச்சா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கிறார். இங்க கல்லு, இங்க வழுக்கும், பார்த்து வை என்று சொல்லிக்கொண்டே போகிறார். பாதி தப்பாகத்தான் சொல்கிறார். அவர் சொன்ன இடத்திலேயே கால் வைக்கிறேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான். தொலைநோக்கியை அவர் கேட்டால் கடையில் கிடைக்கவில்லை என்று சொல். அம்மா கண் எப்படி இருக்கிறது என்று அவரிடமே விசாரி, அவர் நிறையச் சொல்வார், பொறுமையாகக் கேட்டுக்கொள். குழந்தைக்குக் காது மூடும் தொப்பி இல்லாமல் வெளியே கூட்டிப் போகாதே. உங்கள் வழி வெளிச்சமாக இருக்கட்டும், உங்கள் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கட்டும், உங்கள் பிள்ளை உங்கள் பக்கத்திலேயே வளரட்டும். எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கவலைப்படாதே, உன் அப்பா எதிரில் உட்கார்ந்துகொண்டு, பெருசா எழுது கிழவி, இருக்கிற கண்ணையும் கெடுத்துக்காதே என்கிறார்.

உன் அம்மா,
ஷாயிர்