இடது காதுக்குள் ஒரு பட்டாணி

ஸ்கேன் எந்திரம் தடதடக்க ஆரம்பித்ததும் நம் கம்பெனியில் இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்தான் ஞாபகத்துக்கு வந்தது. காதில் பஞ்சு, அதன்மேல் ஹெட்போன், தலை அசையாமலிருக்க ஒரு கூடு. வலது காதில் அத்தனை இரைச்சல். இடது காதிலோ எங்கேயோ பக்கத்து ஊரில் நெல் அடிக்கிற மாதிரி. முதல் தடவை நான் இதற்குள் போனபோது, என் தாலிச்செயினையும் கம்மலையும் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு நீ வெளியே உட்கார்ந்திருந்தாய். இந்தத் தடவை எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுத் தனியாகப் போனேன்.

கட்டி வளர்ந்திருக்கிறது. அதை உன்னிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வேறு யாரிடம் சொன்னாலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அதை முதலில் கண்டுபிடித்தவளே நீதானே. வேலைக்குப் போகிற ரயிலில் நீ மீஞ்சூரில் ஏறி எனக்கு இடம் பிடித்து வைப்பாய். நான் பொன்னேரியில் ஏறுவேன். கும்மிடிப்பூண்டி வரை பேச்சு ஓயாது. ஒருநாள் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாய். "இன்னாடி, நானும் பாத்துக்கினே வரேன். இந்தப் பக்கம் பேசினா உனக்கு ஒண்ணுமே வுழல. அந்தப் பக்கம் ஒக்காந்தா மட்டும் பதில் சொல்ற." பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் காது மந்தம்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். அப்படியானால் இரண்டு காதும்தானே போக வேண்டும் என்று கேட்டாய். நீ விடவில்லை. அந்த வாரமே லீவு போட்டு என்னைச் சென்னைக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பின் உறையில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி என்றார் டாக்டரம்மா. கட்டி என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவும் ஏறவில்லை. நீதான் கேட்டாய். கேன்சரா என்றாய். இல்லை, மற்ற இடத்துக்குப் பரவாது, மெதுவாகத்தான் வளரும், சிலருக்கு வளராமலே நின்றுவிடும் என்றார். ஆபரேஷன் செய்து எடுக்கலாம். கதிர்வீச்சு கொடுத்து வளர்ச்சியை நிறுத்தப் பார்க்கலாம். இப்போது சின்னதாக இருப்பதால் எதுவும் செய்யாமல் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்தும் வரலாம். நான் கேட்கப் பயந்த கேள்வியையும் நீயே கேட்டாய். "ஆபரேஷன் பண்ணா இவளுக்கு மொகம் கோணிக்குமா டாக்டர்?"

டாக்டரம்மா மறைக்கவில்லை. முகத்துக்குப் போகும் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது, எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அந்த ஆபத்து கொஞ்சம் உண்டு, அந்தக் காது சுத்தமாகக் கேட்காமலும் போகலாம் என்றார். வெளியே வந்து டீ குடித்தோம். காத்திருக்கலாம் என்று முடிவு செய்தோம்.

காத்திருப்பது சும்மா இருப்பது என்றுதான் அப்போது நினைத்தேன். காலையில் எழுந்ததும் இடது காதோரம் விரலைத் தேய்த்து, கேட்கிறதா என்று பார்ப்பேன். மிஷின் முன்னால் லேசாகத் தள்ளாடினால், வளர்ந்துவிட்டது என்றே நினைப்பேன். கண்ணாடியில் சிரித்துப் பார்ப்பேன், வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று. கேன்டீனில் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நீ தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாய். "கட்டிதான் உங்கிட்ட குடியிருக்குது. நீ போயி அதுக்குள்ள குடியிருக்காத."

போன மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டெங்கு என்றார்கள், ரத்தத்தில் தட்டணுக்கள் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தன. நான் பார்க்க வந்தபோது உனக்குப் பேசவே தெம்பில்லை. அப்போதும் என் ஸ்கேனை எப்போது எடுக்க வேண்டும் என்றுதான் கேட்டாய். மறுநாள் நீ இல்லை. தலையில் கட்டியோடு நான் இருக்கிறேன், ஒன்றுமில்லாத நீ போய்விட்டாய். இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது பட்டாணி கொண்டைக்கடலையாகிவிட்டது. இனியும் காத்திருப்பது நல்லதில்லை என்கிறார் டாக்டரம்மா. அவர் முன்னால் தனியாக உட்கார்ந்து, நீ இருந்தால் என்னவெல்லாம் கேட்பாயோ அத்தனையும் கேட்டேன். கட்டி இன்னும் சின்னதுதான், கதிர்வீச்சுக்கு அடங்கும் என்றார். ஒரே நாளில் முடிந்துவிடுமாம், கத்தி கிடையாது. ஆனால் கட்டி காணாமல் போகாது, வளராமல் நின்றால் அதுவே வெற்றி. முகத்துக்கு ஆபத்து குறைவு, அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார். அந்தக் காதில் இப்போது கேட்கிற கொஞ்சமும் போகப்போகக் குறையலாம். சிலருக்கு இதற்குப் பிறகும் கட்டி வளர்ந்து ஆபரேஷன் வரை போவதுண்டு. ஸ்கேன் எடுப்பதும் ஓயாது.

என் வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "எடுத்துப் போட்டுட்டா ஒரேடியா நிம்மதிடி. உள்ளயே வச்சிக்கினு காலம் பூரா பயந்துகினு இருக்கப் போறியா?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு நாள் யோசித்தேன். கதிர்வீச்சுக்கே சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வரும் வியாழக்கிழமை.

பயமாக இருக்கிறது. சரியாகத்தான் முடிவெடுத்தேனா என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மனசு மாறுகிறது. நீ இருந்தவரை இந்தப் பயத்தை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். வீட்டில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே ஓட்டிவிட்டேன். நேற்று என் மகள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குப் பயமா இருக்குது என்றேன். அதுவரை அந்தச் சொல்லை அவள் என் வாயிலிருந்து கேட்டதில்லை. என்ன ஆகும், எது ஆகாமல் போகலாம், எது யாருக்குமே தெரியாது என்று நீ பேசுகிற மாதிரியே மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பயப்படாதே என்று அவள் சொல்லவில்லை. ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். வியாழக்கிழமை லீவு வேண்டும் என்று தன் சூப்பர்வைசரிடம் கேட்டாள்.